மூன்றாவது கம்பி

தீர்த்தகிரிக்கு நாலு பாஷை தெரியும். இது அவரே ஊருக்குச் சொல்லி வைத்த சேதி. தமிழ் தாய்ப்பாஷை, அதில் தகராறு இல்லை. தெலுங்கு அவர் வியாபாரம் பார்க்கும் மாங்காய் மண்டியில் பழகியது. விலை கேட்கவும், கேட்ட விலைக்குத் திட்டவும் போதும். இங்கிலீஷ் ‘எஸ் சார்’ வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நாலாவது கன்னடம். கிருஷ்ணகிரியில் பாதிப்பேர் வீட்டுக்குள்ளேயே கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அவர்கள் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. கல்லாவியிலிருந்து வந்து குடியேறிய தீர்த்தகிரிக்குத்தான் அது பெருமை. பெங்களூர் போய்வரும்போதெல்லாம் ஒரு வார்த்தையைக் கொண்டுவருவார். அர்த்தம் மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் அவர் வார்த்தையோடு ஒரு அடுப்பையும் கொண்டுவந்தார். கரண்டு அடுப்பு. பெங்களூரில் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினார். சாமான்களை ஏலம் போட்டார்கள். நல்ல நாற்காலிகளையும் நிலைக்கண்ணாடியையும் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது அடுப்பு. மேலே வட்டவட்டமாக நாலு தட்டு, கீழே கதவு வைத்த ஒரு பெட்டி, உடம்பெல்லாம் வெள்ளை எனாமல், எனாமல் விட்ட இடமெல்லாம் துரு. இரண்டு மழைக்காலம் கொட்டகையில் நனைந்த சாமான் அது. லாரியிலிருந்து இறக்குவதற்குள் மண்டி ஆட்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

பெருமைப்பட வீட்டில் ஆள் வேண்டுமே. இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி காவேரி. கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்பா சாமல்பட்டியில் குத்தகைக்கு உழுகிறவர். காவேரிக்குப் பின்னால் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். இன்னொருத்தி தீர்த்தகிரியின் அக்கா வெங்கடம்மாள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சமையலைத் தவிர மற்ற எல்லாப் பொறுப்பையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டவள். மற்ற எல்லாப் பொறுப்பும் என்றால், காவேரி சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

அடுப்பு வந்த அன்றைக்கே தீர்த்தகிரி கடப்பாரையை எடுத்துப் பழைய மண் அடுப்பை இடித்துத் தள்ளினார். “இனிமே இந்த ஊட்டுல பொகையே ஆவாது” என்று சமையலறை நடுவில் நின்று பிரகடனம் செய்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், காவேரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஈர விறகை ஊதி ஊதி அவள் கண் எப்போதும் அழுதமாதிரி இருக்கும். புகையில்லாமல் சோறு பொங்கும் என்றால் யாருக்குக் கசக்கும்? அன்றைக்கு ராத்திரி அவள் தன் புருஷனை நினைத்துக் கொஞ்சம் பூரித்துக்கூடப் போனாள். பாவம்.

இனி அடுப்பை மாட்டிய கதைக்கு வருவோம். பங்களாவில் அதைக் கழற்றிக் கொடுத்தவர் நஞ்சுண்டப்பா என்ற பிட்டர். நல்ல மனுஷர். லாரி கிளம்பும் முன் தீர்த்தகிரியை நிறுத்தி வைத்துக் கன்னடத்தில் விவரமாகச் சொன்னார். இது விளக்கு எரிகிற சமாசாரம் இல்லை, மீட்டரிலிருந்து இதற்கென்று வேறாக ஒரு லைன் இழுக்க வேண்டும். பழைய வயர் மக்கிவிட்டதால் வெட்டிவிட்டேன், உள்ளே மூன்று கம்பி ஓடுகிற, ரப்பர் போட்ட தடி வயராகப் புதிது வாங்குங்கள். இரண்டு கம்பியில் கரண்டு போய்வரும். மூன்றாவது கம்பியை ‘நெலக்கே’ கொடுங்கள். குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, குழாய் இறக்கி, அதில் கட்டிவிடுங்கள். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு தீர்த்தகிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “கொத்து, கொத்து” என்றார். கன்னடத்தில் ‘தெரியும், தெரியும்’ என்று அர்த்தம். அவர் பழுதில்லாமல் கற்றிருந்த ஒரே கன்னட வார்த்தை அதுதான். நானே கூட வந்து மாட்டித் தரட்டுமா என்று நஞ்சுண்டப்பா கேட்டார். அதற்கும் “கொத்து” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிவிட்டார்.

கிருஷ்ணகிரியில் வயரிங் வேலைக்கு வந்தவன் ஜெபராஜ். மாதா கோயிலுக்கும் டூரிங் கொட்டகைக்கும் விளக்குப் போட்டவன். தன் தொழிலில் விளக்கைத் தாண்டி எதுவும் உண்டென்று அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அடுப்பின் முதுகுப்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“ஐயா, லைட்டுக்கு ரெண்டு கம்பிதான். இதுல இன்னொரு முனை இருக்குதே, இது எங்க போவுது?”

“அத நெலவுக்குக் குடுக்கணும்” என்றார் தீர்த்தகிரி.

“நெலவுக்கா?”

“பிட்டர் என்னண்ட சொன்னாரு. ‘நெலக்கே கொடி’ன்னாரு. கொடின்னா குடு. நெலக்கேன்னா நெலவுக்கு, வாசக்காலுக்கு. இதுல உனுக்கு இன்னா சந்தேகம்?”

“தெலுங்குல நெலன்னா மாசமுங்க. மாசா மாசம் எதனா குடுக்கணுமோ இன்னாவோ” என்று ஜெபராஜ் இழுத்தான்.

“அவரு இன்னா தெலுங்கரா? கன்னடக்காரரு. உனுக்குத் தெரியலன்னா தெரிஞ்சவன் சொல்றத கேட்டுக்க.”

கன்னடத்தில் நெல என்றால் தரை. மண். அடுப்பின் உடம்பில் வழிதவறிக் கசிகிற கரண்டு மனுஷன் மேல் ஏறாமல் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்காக வைத்த கம்பி அது. தெருவில் போகிற எந்தக் கன்னடக்காரரைக் கேட்டிருந்தாலும் காலால் தரையைத் தட்டிக் காட்டியிருப்பார். ஆனால் நாலு பாஷை தெரிந்தவர் போய் இன்னொருவரைக் கேட்பாரா? சமையலறைக் கதவின் நிலைச்சட்டம் நல்ல வேம்பு மரம். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து, மூன்றாவது கம்பியை ஆணி அடித்து முறுக்கினார்கள். வெங்கடம்மாள் அதற்கு ஆரத்தியும் எடுத்தாள். உலகத்திலேயே வாசக்காலுக்குக் கரண்டுச் சம்பந்தம் பேசி முடித்த ஒரே குடும்பம் அதுவாகத்தான் இருக்கும்.

மற்ற இரண்டு உத்தரவுகளும் இதே மரியாதையோடு நிறைவேறின. ‘பேரே லைன்’ என்று பிட்டர் சொன்னது வேறே லைன். தீர்த்தகிரிக்கு அது பேர் என்று கேட்டது. “லைன் ஏற்கெனவே எம்பேர்லதானே இருக்குது, அப்பறம் இன்னா?” என்று கூடத்து விளக்கு லைனிலிருந்தே, விளக்குக்குத் தொங்கவிட்டு மிஞ்சிய நூல் சுற்றின மெல்லிய வயரை இழுத்து அடுப்புக்குக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் அந்த உப்பும் கரியும். குழியும் குழாயும் அவர் காதோடு போய்விட்டன. கரிக்குக் கன்னடத்தில் ‘இத்திலு’. உப்பு, இத்திலு என்றதை அவர் ‘உப்பு இதிலே’ என்று எடுத்துக்கொண்டார். ஒரு படி கல்லுப்பைத் துணியில் முடிந்து அடுப்பின் கீழ்ப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணேறு படாமல் இருக்கத்தான் வெள்ளைக்காரன் இப்படிச் செய்கிறான் என்று அக்காவுக்கு விளக்கமும் சொன்னார். உப்பு ஆடி மாதத்து ஈரத்தையெல்லாம் குடித்து உள்ளேயே கசிய ஆரம்பித்தது.

மறுநாள் காலை காவேரி தலைக்குக் குளித்து, சமையலறைத் தரையைக் கழுவிவிட்டு, அடுப்பில் பால் வைத்தாள். தட்டு மெல்லச் சிவந்தது. புகை இல்லை, சாம்பல் இல்லை. பால் பொங்கியது. இறக்கலாம் என்று ஒரு கையை அடுப்பின் விளிம்பில் ஊன்றினாள். அவ்வளவுதான். தோள்வரைக்கும் சுரீர் என்று ஏதோ கவ்வி உதறியது. பால் பாத்திரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

“ஏங்க! இது கடிக்குதுங்க!” என்று கூடத்துக்கு ஓடினாள்.

தீர்த்தகிரி பத்திரிகையை மடித்துவிட்டு வந்தார். வீட்டுக்குள்ளும் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் பூட்சு போட்டு நடப்பது அவர் பெங்களூரில் பார்த்துக் கற்ற நாகரிகம். பூட்சுக் காலோடு போய் அடுப்பைப் பட்டென்று தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

“எங்கமே கடிக்குது? பல்லக் காட்டு பாக்கலாம்.”

வெங்கடம்மாள் தன் பங்குக்கு மத்தியானம் வந்து சோதனை போட்டாள். அடுப்பை மேலும் கீழும் தொட்டாள், பெட்டிக்குள் கையை விட்டு உப்பு மூட்டையைக்கூட நகர்த்தி வைத்தாள். “எனக்கு ஒண்ணும் பண்ணலயே! நெசத்தச் சொல்லு காவேரி, உனுக்கு நின்னுக்கினு சமைக்க ஒடம்பு வளையல” என்றாள். அன்றைக்கு மத்தியானம் ஊரெங்கும் கரண்டு இல்லை. அந்தச் சின்ன விஷயம் அவள் ஆராய்ச்சிக்குத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு காவேரி எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. காலையில் சொன்னாள், குழம்பு கூட்டும்போது சொன்னாள், கை மரத்துப்போய்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள். முதலில் சிரித்தார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள். பிறகு அவள் வாயைத் திறந்தாலே, “ஆரம்பிச்சிட்டா” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அந்தக் கடியைவிட இதுதான் பொறுக்கவில்லை. வலி வந்தால் விட்டுவிடும். தான் பொய் சொல்கிறவள் என்று ஒரு வீடு முடிவுகட்டிவிட்டால் அது எப்போது விடும்?

பயம் மனுஷரைக் கெட்டிக்காரராக்கிவிடும். கூடத்துச் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் அடுப்பு சாதுவாகிவிடுகிறது என்று காவேரி கண்டுகொண்டாள். அதிலிருந்து, குழம்பைக் கிளற வேண்டுமானால் கூடத்துக்குப் போய்ச் சுவிட்சை இறக்குவாள், வந்து கிளறுவாள், மறுபடி போய் ஏற்றுவாள். உப்புப் பார்க்க ஒரு நடை, தாளிக்க ஒரு நடை. சாயங்காலம் தீர்த்தகிரி விளக்கடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். ரசம் கொதிக்கிறதா என்று அவள் பார்க்கும்போதெல்லாம் வீடு இருட்டும். உலகச் செய்தியெல்லாம் பாதிப்பாதியாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மண்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது இப்படி மூன்று தடவை இருட்டிவிட்டது. “ஊட்டுல கரண்டு இல்லீங்களா?” என்று அவர்கள் அனுதாபத்தோடு கேட்டார்கள். தீர்த்தகிரிக்கு மானம் போய்விட்டது. அவர்கள் போனதும் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இனிமே மெயின் சுச்சுல கை வெச்ச, கைய ஒடிச்சிருவேன். ஆயுத பூசைக்கு மண்டிக்காரங்க அத்தினி பேரும் வராங்க. அவங்க கண்ணெதிர்ல இந்த அடுப்புல நீ பொங்கல் வெக்கணும். கடிக்குது கிடிக்குதுன்னு அன்னிக்கு ஒரு கூத்து கட்டின, மக்யா நாளே சாமல்பட்டிக்கு பஸ் ஏத்தி உட்டுருவேன். உங்கப்பன் ஊட்டுலயே மண்ணடுப்பு ஊதிக்கினு கெட.”

அது வெறும் மிரட்டல் இல்லை என்று காவேரிக்குத் தெரியும். வாழாவெட்டியாக ஒருத்தி போய் உட்கார்ந்தால், தங்கைகளைப் பெண் கேட்டு எவன் வாசல் மிதிப்பான்? அவள் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமலேயே அவர் முகம் சுருங்கும். வாயை மூடிக்கொண்டாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்தாள். முந்தானை ஈரமான நாட்களில் அதுவும் சேர்ந்து கடித்தது.

ஆயுத பூஜை வந்தது. தீர்த்தகிரி வீட்டில் அன்றைக்குப் பூஜைக்கு வராத இரும்பே இல்லை. தராசு, கடப்பாரை, அரிவாள், சைக்கிள், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் எல்லாம் பொட்டோடு நின்றன. ஆனால் மூலவர் அடுப்புதான். மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மண்டிக்காரர்கள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தட்டு சிவப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவது என்று வந்தவர்கள். அதனால் தீர்த்தகிரி கரண்டைப் போட்டே வைத்திருந்தார்.

சாமி காரியம் ஆயிற்றே. தீர்த்தகிரி கிணற்றடியில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு, அடுப்பு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பூட்சு இல்லாத வெறுங்காலோடு சமையலறைக்குள் வந்தார். கழுவின தரை இன்னும் காயவில்லை. சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

காவேரி அவர் வெறுங்காலைப் பார்த்தாள். பேசினால் பஸ். பேசாவிட்டால்? கட்டின புருஷன் ஈரக்கையோடு நிற்கிறான்.

“ஏங்க, ஈரக்கையோட தொடாதீங்க. சுச்ச அணைச்சிட்டாவது...”

“நல்ல நாளும் அதுவுமா வாய வெக்காத” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

இடது கையால் பெட்டிக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அடுப்பின் நெற்றியில் சந்தனம் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது. தொண்டையிலிருந்து ‘ஹ்ஹ்ஹ்’ என்று ஒரு சத்தம் வந்தது.

மண்டிக்காரர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. “சாமி வந்திருச்சி!” என்றார் ஒருவர். அவ்வளவுதான், வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். வெங்கடம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டு, “ஆரு சாமி வந்திருக்குது? கொலசாமியா? இன்னா கொறை வெச்சோம், சொல்லு தாயே!” என்று கதறினாள். தாயால் பதில் சொல்ல முடியவில்லை. பல் கிட்டிப்போயிருந்தது.

இது எந்தச் சாமி என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். தினம் மூன்று வேளை அவள் மேல் வந்த சாமி. காவேரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு கூடத்துக்கு ஓடினாள். கையை ஒடிக்கிறதானால் ஒடிக்கட்டும் என்று மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள். சமையலறையில் பொத்தென்று தீர்த்தகிரி விழுகிற சத்தம் கேட்டது.

“பாவி! வாக்கு சொல்றதுக்குள்ள சாமிய மலையேத்திட்டாளே!” என்றாள் வெங்கடம்மாள்.

தீர்த்தகிரிக்கு நினைவு வந்ததும் முதலில் சொன்ன வார்த்தை, “ஐயோ, கடிச்சிருச்சி” என்பதுதான். நாலு பாஷையில் அது தமிழில் வந்தது.

அப்புறம் நடந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் ஊரே அவர் கட்டிலைச் சுற்றி நின்றது. ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள், ரொட்டி கொண்டுவந்தார்கள். எந்த விரல், எவ்வளவு நேரம், எப்படி இழுத்தது என்று வாய்பிளந்து கேட்டார்கள். அவர் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். “வலி உச்சி மண்டைக்குப் போச்சிங்க. வேற ஆளா இருந்தா போயிருப்பான்” என்றார். பழத்தை உரித்து அவருக்குக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற காவேரியின் கையில் மூன்று விரல் நுனி கருத்துக் கிடந்தது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவளும் காட்டவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் தீர்த்தகிரி அவளை அருகில் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது. நன்றி சொல்லப் போகிறாரோ என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. ஆசைக்கு அளவே இல்லை பாருங்கள்.

“ஏமே,” என்றார், “இப்பிடி இழுக்கும்னு முன்னமே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

காவேரி அவர் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்கிறார். அவ்வளவு நாள் அவள் தொண்டை வறளச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. அவளுக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த ஆரஞ்சைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. தோலை மட்டும் வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆள் அனுப்பிப் பெங்களூரிலிருந்து நஞ்சுண்டப்பாவைக் கூட்டிவந்தார்கள். அவர் சமையலறைக்குள் நுழைந்தவுடனே வாசக்காலில் மஞ்சள் குங்குமத்தோடு இருந்த கம்பியைப் பார்த்துவிட்டார். ஆணியைத் தொட்டுப் பார்த்தார். தீர்த்தகிரியைப் பார்த்தார்.

“இதேனு, சுவாமி?”

“நீங்கதானே நெலவுக்கு...” என்று தீர்த்தகிரி ஆரம்பித்தார்.

“நெல ரீ, நெல!” என்று நஞ்சுண்டப்பா காலால் தரையை ஓங்கி மிதித்தார். பிறகு அடுப்பின் பெட்டியைத் திறந்தார். ஒழுகிக்கொண்டிருந்த உப்பு மூட்டையை இரண்டு விரலால் தூக்கி வெளியே எடுத்தார். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான். நூல் வயரைப் பார்த்தார், அது நடுவில் கருகியிருந்தது. பூட்சைக் காட்டி ஏதோ கேட்டார். தீர்த்தகிரி “கொத்து” என்றார். ரப்பர் அடி இருந்ததால்தான் உங்களுக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு நின்ற அம்மா பிழைத்துக் கிடப்பது புண்ணியம் என்று அவர் பாதித் தமிழில் சொன்னார்.

“அந்த ஜெபராஜுக்குக் கன்னடம் பத்தாது” என்றார் தீர்த்தகிரி.

நஞ்சுண்டப்பா ஒழுங்காக வேலை செய்தார். மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்தார். ரப்பர் போட்ட தடி வயரை மாட்டினார். அடுப்பைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தார். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் அடுக்கி, குழாயை இறக்கி, மூன்றாவது கம்பியை அதற்குப் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி, காலையும் கையையும் நனைத்துக்கொண்டு வந்து, கரண்டைப் போட்டு, அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

“அம்மா, நீங்க முட்டி நோடி” என்று காவேரியைக் கூப்பிட்டார். தொட்டுப் பாருங்கள் என்றார்.

தீர்த்தகிரி சமையலறைக்கு உள்ளே வரவில்லை. வாசக்காலுக்கு அந்தப் பக்கம், பூட்சு போட்டுக்கொண்டு, தப்பி ஓடத் தோதாக ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றார். வெங்கடம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால். இருவர் கண்ணும் காவேரியின் கைமேல்தான்.

காவேரி கையை வைத்தாள். எனாமல் சில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை. அடுப்பு நல்ல அடுப்பாகிவிட்டது. இதற்கு ஏங்கித்தானே இத்தனை நாள் கிடந்தாள்? இப்போது அது கைக்கு வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“இன்னா?” என்றார் தீர்த்தகிரி வாசலிலிருந்து. “கடிக்குதா?”

இந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டதே இல்லை. அவள் சொல்லியிருக்கிறாள், அவர் கேட்டதில்லை. காவேரி திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“கடிக்குதுங்க” என்றாள்.

தீர்த்தகிரி ஒரே தாவலில் கூடத்துக்குப் போய்விட்டார். வெங்கடம்மாள் அவர் மேல் மோதிக்கொண்டு, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றாள். நஞ்சுண்டப்பா பதறி, சாத்தியமே இல்லை, என் கையைப் பாருங்கள் என்று கன்னடத்தில் கத்தினார்.

“நீ சும்மா இருய்யா!” என்று கூடத்திலிருந்து அதட்டினார் தீர்த்தகிரி. “அவ சொல்றா இல்ல? அவ இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறா?”

காவேரிக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“இப்ப இன்னா பண்லாம், நீயே சொல்லு” என்று குரல் வந்தது.

“இடிச்ச எடத்துலயே அடுப்பு கட்டுங்க” என்றாள். “பொகபோக்கி வெச்சுக் கட்டணும். கூரைக்கு மேல தெரியற அளவுக்கு.”

“சரி, சரி. நாளைக்கே கொத்தனார வரச் சொல்றேன். நீ மொதல்ல அந்தண்ட வா.”

அவள் உடனே வரவில்லை. அவள் கை இன்னும் அடுப்பின் மேலேயே, ஐந்து விரலும் விரித்தபடி, நிம்மதியாக இருந்தது. அதைக் கூடத்திலிருந்து பார்க்க முடியாது. பார்த்தவர் நஞ்சுண்டப்பா மட்டும்தான். அவர் அந்தக் கையைப் பார்த்தார், நுனி கருத்த விரல்களைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து, தான் புதிதாக மாட்டிய வயரைக் கழற்ற ஆரம்பித்தார்.